கனியும் வரை காத்திருத்தல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி இராஜபாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணகத் திருநாளில் கொல்லாமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பெரியோர்கள் பணித்தார்கள். நான் ஆகமம் கற்ற பண்டிதன் அல்லன். பருத்தி வணிகக் குடும்பத்தில் பிறந்து, இந்த ஊரின் கடைவீதியிலேயே வளர்ந்தவன். ஆகவே அந்தப் பெரிய மாளிகைக்குள் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய வாயில் வழியாக நுழைய விரும்புகிறேன். அந்த வாயில், மாம்பழம்.

இந்த நாட்களில் நம் கடைவீதியில் மாம்பழம் தலைகாட்டத் தொடங்கிவிடும். பொன்னிறத்தில், ஒன்றுபோல் ஒன்றாக, அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் மலையடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான தோப்புகளில் காய் இன்னும் முற்றவில்லை. மரத்தில் முற்றாதது கடையில் எப்படிப் பழுத்தது? இந்தக் கேள்விக்கும் கொல்லாமைக்கும் என்ன தொடர்பு? இன்று நான் பேசப் போவது அதைத்தான்.

பக்குவம் என்னும் சொல்

நாம் அன்றாடம் வழங்கும் 'பக்குவம்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். பழம் பக்குவமாகப் பழுத்திருக்கிறது என்கிறோம். சமையல் பக்குவம் என்கிறோம். ஒருவர் பக்குவப்பட்ட மனிதர் என்கிறோம். மூன்றுக்கும் சொல் ஒன்றுதான். வெப்பமும் காலமும் சேர்ந்து ஒன்றை அதன் நிறைவுக்குக் கொண்டுசேர்ப்பதே பக்குவம்.

இதை விளக்க நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் இருப்பவை பாலும் சர்க்கரையும்தான். மீதியெல்லாம் அடுப்படியில் நின்று கிண்டுகிறவரின் பொறுமை. சற்று முன்னால் இறக்கினால் இளகிப் போகும். சற்றுத் தாமதித்தால் அடிப்பிடிக்கும். அந்தப் பதம் தெரிந்த கைக்கு ஊரெல்லாம் மதிப்பு. பால்கோவாவுக்கு நாம் தரும் அந்த மதிப்பை மரத்தில் நிற்கும் மாங்காய்க்கும் தருகிறோமா?

ஆறு வழிப்போக்கர்

நம் பாடசாலைச் சிறுவர்கள் அனைவரும் அறிந்த கதை ஒன்று உண்டு. நம் கோயில்களிலும் தங்குமிடங்களிலும் அது ஓவியமாகவும் தொங்கும். பசித்த வழிப்போக்கர் அறுவர் காட்டில் பழுத்த நாவல் மரம் ஒன்றைக் கண்டார்கள். மரத்தை அடியோடு வெட்டுவோம் என்றான் ஒருவன். பெரிய கிளைகளை வெட்டினால் போதும் என்றான் இரண்டாமவன். சிறு கிளைகள் போதும் என்றான் மூன்றாமவன். கொத்துக்களை ஒடிப்போம் என்றான் நான்காமவன். பழுத்தவற்றை மட்டும் பறிப்போம் என்றான் ஐந்தாமவன். தரையில் உதிர்ந்து கிடப்பவையே நம் பசிக்குப் போதுமே என்றான் ஆறாமவன். உயிரின் மனநிறங்களாகிய ஆறு லேசியைகளை, கருமை தொடங்கி வெண்மை வரை, விளக்க நம் முன்னோர் சொன்ன கதை இது.

இந்தக் கதையில் நான்காமவனுக்கும் ஐந்தாமவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நான்காமவன் மரத்துக்குப் பெரிய தீங்கு செய்யவில்லை. கொத்தைத்தான் ஒடிக்கிறான். ஆனால் ஒரு கொத்தில் பழமும் இருக்கும், செங்காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். மூன்றும் சேர்ந்தே வருகின்றன. பிஞ்சும் செங்காயும் அவன் பசியைத் தீர்ப்பதில்லை, வீணாக மடிகின்றன. ஐந்தாமவனோ ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். எது பழுத்தது, எது பழுக்கவில்லை என்று அறிந்து பறிக்கிறான். பார்க்காமல் எடுப்பதிலிருந்து பார்த்து எடுப்பதற்கு வந்ததுதான் நான்காவது நிலையிலிருந்து ஐந்தாவது நிலைக்கு அவன் ஏறிய படி.

ஆறாமவனின் நிலை துறவியருக்கு உரியது. இல்லறத்தாராகிய நமக்கு எட்டக்கூடியது ஐந்தாமவனின் நிலை. அந்த நிலைக்கு வேண்டிய அறிவு நூல்களில் மட்டும் இல்லை. தோப்பில் வேலை செய்பவரிடமும் இருக்கிறது.

முற்றுதலும் கனிதலும்

இராஜபாளையத்துக்குப் பெயர் வாங்கித் தந்த மா வகைகள் சப்பட்டையும் பஞ்சவர்ணமும். எந்த வகையாயினும் காய்க்கு இரண்டு நிறைவுகள் உண்டு. ஒன்று முற்றுதல், மற்றொன்று கனிதல். முற்றுதல் மரத்தில்தான் நிகழ முடியும். கனிதல் மரத்திலும் நிகழும், பறித்த பின்னும் நிகழும்.

முற்றும் காலத்தில் இலைகள் ஆக்கிய உணவு காய்க்குள் மாவுச்சத்தாகச் சேர்கிறது. கனியும்போது காயே தனக்குள் எத்திலீன் என்னும் வாயுவைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு குறைகிறது, பச்சை மறைந்து மஞ்சள் மேலெழுகிறது, மணம் பிறக்கிறது. ஆகவே முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் அடுக்கி வைத்தால் சில நாட்களில் தானே கனியும். முற்றாத காயில் மாவுச்சத்து போதிய அளவு சேரவில்லை. இல்லாத ஒன்றைச் சர்க்கரையாக்க எந்த மருந்தாலும் இயலாது. தோலின் நிறத்தை மாற்றலாம். உள்ளே புளிப்பும் சவர்ப்பும் அப்படியே இருக்கும். இதைத்தான் நம் மக்கள் 'வெம்பல்' என்றார்கள்.

காய் முற்றியதை எப்படி அறிவது? காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதி திரண்டு, காம்பு பொருந்திய இடத்தைவிட மேலெழுந்து நிற்கும். கரும்பச்சை வெளிறும். தண்ணீரில் இட்டால் மிதக்காமல் அமிழும். அறுத்துப் பார்த்தால் கொட்டை இறுகியிருக்கும். மரத்தில் ஒன்றிரண்டு தாமாகப் பழுத்து விழத் தொடங்கினால், அந்த மரம் தன் பருவத்தை அறிவித்துவிட்டது என்று பொருள்.

ஒரே மரத்தில் பூ எல்லாம் ஒரே நாளில் பூப்பதில்லை. ஆகவே காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. அறிந்தவர்கள் ஒரு மரத்தை மூன்று நான்கு முறையாகப் பறிப்பார்கள். வலை கட்டிய தொரட்டியால், காய் தரையில் விழாதபடி, சிறிது காம்போடு எடுப்பார்கள். காம்பு அடியோடு ஒடிந்தால் பால் வடிந்து தோலைக் கருக்கிவிடும். ஒரே நாளில் மரத்தையே உலுக்கித் துடைத்துவிடுகிறவர் கதையில் வரும் நான்காமவர். மூன்று நான்கு முறை ஏறி இறங்குகிறவர் ஐந்தாமவர்.

எல்லாக் கனிகளும் மாவைப் போன்றவை அல்ல. வாழை, கொய்யா, பப்பாளி, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் கனியும். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு போன்றவை பறித்த பின் இனிப்பு ஏறுவதில்லை. அவற்றை முழுப் பருவத்தில்தான் எடுக்க வேண்டும். கீரையிலும் இந்த அறிவு தேவை. தண்டுக்கீரையை வேரோடு பிடுங்குவார்கள். அரைக்கீரையைப் பருவம் பார்த்து அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும். ஓர் உயிரை முடிக்காமல் அதனிடமிருந்து உணவு பெறுவதற்கு வழியிருந்தால், அந்த வழியைத் தேடுவது சாவகரின் கடமை.

நம் தொழிலான பருத்தியிலும் இதே நியதியைக் காணலாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் இந்த ஊரின் சோறு பஞ்சோடு பிணைந்தது. நன்றாக வெடித்து, வெயிலில் உலர்ந்து, பனி நீங்கிய பின் எடுத்த பருத்தியின் இழை வலுவாக இருக்கும். அரைகுறையாக வெடித்த காயிலிருந்து பறித்த பஞ்சு நூலில் முடிச்சாகத் திரளும். சாயம் சீராக ஏறாது. நல்ல பருத்தியோடு கொட்டுப் பருத்தியைக் கலந்து அனுப்பினால் தறி காட்டிக்கொடுத்துவிடும். மாம்பழத்துக்குத் தறி இல்லை. அதைக் காட்டிக்கொடுப்பது தின்பவரின் நாவும் வயிறும்தான்.

நான் செய்த பிழை

இங்கே என் பிழை ஒன்றை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இளம் வயதில் ஒரு கோடையில், பருத்தி வணிகம் சற்று மந்தமாக இருந்ததால், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைப் பூப்பருவத்திலேயே குத்தகை பேசினேன். பங்குனி முடியும் சமயத்தில் சந்தையில் விலை உச்சத்தில் இருந்தது. உடனே பறிக்கச் சொன்னேன். தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒரு காயை அறுத்து என் கையில் கொடுத்தார். "இன்னும் இருபது நாள் பொறுங்க சேட்டு. கொட்டை இறுகல. இப்பப் பறிச்சா வெம்பிப் போகும்" என்றார். கொட்டை என் விரல் நகத்துக்கே குழைந்தது. எனினும் நான் கேட்கவில்லை. "உங்களுக்குக் கூலிதானே வேண்டும், பறியுங்கள்" என்றேன். அவர் மறுபடி எதுவும் பேசவில்லை. தொரட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

காய் மண்டிக்குப் போயிற்று. அங்கே கல் வைத்தார்கள். கல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், தெரியாதவன்போல் இருந்துகொண்டேன். இரண்டு நாளில் எல்லாம் மஞ்சளாயின. அவற்றில் ஒரு கூடை என் வீட்டுக்கும் வந்தது.

அந்த நாட்களில் என் தாயார் சித்திரை ஓளி நோற்றுக்கொண்டிருந்தார். நெய்யும் பாலும் எண்ணெயும் கனியும் இன்றி, ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒன்பது நாள் ஆயம்பில். பத்தாம் நாள் பாரணைக்கு, மகன் தோப்புப் பழம் என்று மகிழ்ந்து முதலில் அதைத்தான் எடுத்தார். ஒரு துண்டை வாயில் வைத்தவர் சற்று நின்றார். "மரத்தில் முற்றிய காய்தானே?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். அவர் அதை விழுங்கினார். ஒன்பது நாள் நோன்பில் வெந்திருந்த வாய் அன்று புண்ணாயிற்று. அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அணுவிரதம் ஐந்தில் எத்தனையை அந்த ஒரே செயலில் மீறினேன் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தேன். பொய் சொன்னேன், அது வெளிப்படை. மற்றவை அத்தனை வெளிப்படையாகத் தெரிவதில்லை. அவற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

விரதமும் சட்டமும்

கல் என்று சந்தையில் வழங்குவது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வெளிப்படும். அது எத்திலீனைப் போல நடித்துக் காயின் தோலை மஞ்சளாக்குகிறது. சந்தைக் கார்பைடில் ஆர்செனிக்கும் பாஸ்பரசும் மாசுகளாகக் கலந்திருப்பதால், அவற்றின் நச்சும் அந்த வாயுவோடு வருகிறது. அதைக் கையாளும் கூலித் தொழிலாளரின் கையும் கண்ணும் மூச்சும்தான் முதலில் துன்பப்படுகின்றன. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2011ஆம் ஆண்டிலேயே இப்படிப் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடை செய்துள்ளன. முற்றிய காயை முறையான அறையில் எத்திலீன் வாயுவால் கனியவைக்க 2016 முதல் அனுமதி உண்டு. அதுவும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு என்னும் அளவுக்கு மிகாமல். கனியவைப்பது குற்றமன்று, நஞ்சால் நிறமேற்றுவதே குற்றம். சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்திருக்கிறது.

நம் நூல்கள் இதை இன்னும் நுட்பமாகப் பார்க்கின்றன. தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசு விதித்த வரம்பை மீறுதல், அளவையில் ஏமாற்றுதல் ஆகிய நான்கோடு ஐந்தாவதாக நிற்பது, ஒன்றைப் போலத் தோன்றும் மற்றொன்றை அதுவாகக் காட்டி விற்றல். கனியைப் போலத் தோன்றும் காயைக் கனியென்று விற்பது இதில் அடங்காமல் வேறு எதில் அடங்கும்? வாங்குகிறவர் கொடுத்தது கனிக்குரிய விலை. பெற்றதோ வெம்பல். இடையில் உள்ள பணம் திருடிய பணம்தான். சாவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களின் பட்டியலில் நஞ்சு வாணிகமும் இருப்பதை இங்கு நினைவூட்டுகிறேன்.

கொல்லாமையோ எல்லாவற்றுக்கும் அடிப்படை. முற்றாத காயின் விதை முளைக்கும் திறனையும் எட்டியிருப்பதில்லை. மரம் ஓராண்டு உழைத்ததன் பொருளையே நாம் பாதியில் அறுக்கிறோம். தின்பவருக்கும் பயனில்லை, மரத்தின் வழிக்கும் பயனில்லை. ஓரறிவுயிருக்கு நாம் செய்யும் தீங்கு தவிர்க்க முடியாதது என்றால், அதிலிருந்து முழுப் பயனாவது யாரேனும் பெற வேண்டாமா? பயனற்ற தீங்கையே நம் பெரியோர் 'அனர்த்த தண்டம்' என்று தனியே பெயரிட்டு விலக்கச் சொன்னார்கள்.

தொடக்கத்துக்கு ஓர் எல்லை இருப்பதுபோல் முடிவுக்கும் நம் மரபில் ஓர் எல்லை உண்டு. சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் புகும் நாளோடு, அதாவது ஜூன் மாதம் 21 அல்லது 22ஆம் நாளையொட்டி, நம் குடும்பங்கள் பலவற்றில் அவ்வாண்டுக்கு மாம்பழத்தை விட்டுவிடுகிறோம். சந்தையில் அப்போதும் பழம் இருக்கும். விலையும் மலிவாக இருக்கும். ஆயினும் மழைக்காற்றின் ஈரத்தில் பழ ஈ பெருகி, சதைக்குள் புழு தோன்றும் காலம் அது. உண்ணும் நாவுக்கு ஆசை தீரும் முன்பே உயிர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறோம். முடிவை இவ்வளவு கவனமாகக் காக்கின்ற நாம் தொடக்கத்தை ஏன் காப்பதில்லை? கனிவதற்கு முன் கை நீட்டாமையும், பருவம் கடந்தபின் கை நீட்டாமையும் ஒரே விரதத்தின் இரு கரைகள்.

முன்னதாகக் கனிய வைக்கத் தக்கது எது?

இங்கே கற்றறிந்த ஒருவர் என்னை மறிக்கலாம். "முன்னதாகக் கனியவைப்பதை நம் ஆசிரியர்களே போற்றியிருக்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். அதற்கு விடை சொல்லாமல் இந்த உரை நிறைவுறாது.

வினை உயிரைவிட்டு நீங்குவதை வடமொழியில் நிர்ஜரை என்பர். தமிழ்ச் சமண நூல்கள் அதற்கு இட்ட அழகிய பெயர் 'உதிர்ப்பு'. அது இருவகை. வினை தன் காலத்தில் பழுத்துப் பயன் தந்து உதிர்வது ஒன்று. தவத்தின் வெப்பத்தால் காலத்துக்கு முன்பே பழுக்கச்செய்து உதிர்ப்பது மற்றொன்று. தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை வகுத்த பூஜ்யபாத ஆசிரியர் இரண்டாவதை விளக்கும்போது, மாவையும் பலாவையும் உரிய செய்கையால் முன்னதாகப் பழுக்கவைப்பதையே உவமையாக்குகிறார். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாங்காயைப் பழுக்கப் போடும் வழக்கம் இருந்ததை இதனால் அறிகிறோம்.

அப்படியானால் எதில் வேறுபாடு? தவசி பழுக்கவைப்பது தன் வினையை; தானே கட்டிய வினையை. அதற்கு அவர் மூட்டும் வெப்பம் தன் உடலில் தாங்கும் வெப்பம். பசியும் அவருடையது, பயனும் அவருடையது. யாரையும் அவர் ஏமாற்றவில்லை. நான் பழுக்கவைத்ததோ பிறிதோர் உயிரின் காயை. அதன் புண்ணைத் தாங்கியது என் தாயாரின் வாய். நச்சுக் காற்றைத் தாங்கியது யாரோ ஒரு கூலியாளின் நெஞ்சு. இலாபம் மட்டும் என்னுடையது. அவசரம் ஒன்றுதான், ஆனால் அதன் சுமையை யார் சுமக்கிறார் என்பதில்தான் தவமும் பாவமும் பிரிகின்றன.

பாண்டிநாட்டுச் சமண முனிவர்கள் பாடியதாகப் போற்றப்படும் நாலடியாரும் இதே இடத்தைச் சுட்டுகிறது. சூறைக்காற்றில் பழுத்தவை தப்பி நிற்க, இளங்காய் வீழ்ந்துவிடுவதைக் காட்டி, வயது இருக்கிறது என்று நம்பி அறத்தை ஒத்திவைக்க வேண்டாம் என்று அது எச்சரிக்கிறது. ஆனி மாதத்து மேல்காற்றைக் கண்ட நம் ஊர்த் தோப்புக்காரருக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அறம் செய்வதில் நமக்கு அவசரம் வேண்டும். பிற உயிரிடமிருந்து பெறுவதில் பொறுமை வேண்டும். நாமோ இரண்டையும் மாற்றிவைத்துக்கொண்டிருக்கிறோம். மாம்பழம் இன்றே வேண்டும். நோன்பையும் தானத்தையும் முதுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

மூன்று வேண்டுகோள்

குற்றம் முழுவதையும் தோட்டக்காரர் மேலோ மண்டிக்காரர் மேலோ சுமத்துவது நியாயமாகாது. காத்திருப்பதற்குத் தோட்டக்காரர் கொடுக்கும் விலை பெரிது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். காற்று அடித்தால் பாதி தரையில். மலையிலிருந்து யானை இறங்கினால் ஓர் இரவில் தோப்பே சிதையும். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைத்த காடு இது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்த காடு. பழம் கனியும் மணத்தை நம்மைவிட அந்த உயிர்கள் நன்கு அறியும். ஆகவே அச்சத்தால் முன்னதாகப் பறிக்கிறவரை நான் பழிக்கத் துணியவில்லை. அந்த அச்சத்தில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, இல்லத்தாருக்கு. பருவத்துக்கு முன் வரும் மாம்பழத்தை வாங்காதிருங்கள். குழந்தை கேட்டால், மரம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லுங்கள். நாம் வாங்காவிட்டால் சித்திரைத் தொடக்கத்தின் அந்த உச்ச விலை இல்லை. அந்த விலை இல்லாவிட்டால் முன்னதாகப் பறிக்கும் தூண்டுதலும் இல்லை. வாங்கும் காயை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துக் கனியவிடுங்கள். வீட்டில் பரவும் அந்த மணத்துக்காக நான்கு நாள் காத்திருப்பதே பிள்ளைகளுக்கு ஒரு சிறு நோன்புப் பயிற்சி.

இரண்டாவது, வணிகர்களுக்கு. தோப்புக்கு முன்பணம் கொடுப்பவர் நம்மிடையே உண்டு. பறிக்கும் நாளைத் தோப்புக்காரரே குறிக்கட்டும் என்று பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பறிக்க ஆகும் கூடுதல் கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உச்சிக் கிளைகளில் எட்டாத சில கனிகளை அணிலுக்கும் பறவைக்கும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நட்டக் கணக்கில் ஏறாது. தானக் கணக்கில் ஏறும்.

மூன்றாவது, நம் அறக்கட்டளைக்கு. விழாக்களிலும் பாரணைகளிலும் நாம் வழங்கும் கனிகள், முற்றிய பின் பறித்தவை என்று தெரிந்த தோப்புகளிலிருந்து மட்டும் வரட்டும். அதற்காகச் சில விழாக்களில் மாம்பழமே இல்லாமற் போகலாம். வாழைப்பழமோ இளநீரோ போதும். ஆதிநாதர் ஓராண்டுக்கும் மேலான நோன்பை முடித்தது கரும்புச் சாற்றால் அல்லவா? மன்னன் சிரேயாம்சன் அன்று கையில் என்ன தூயதாக இருந்ததோ அதைக் கொடுத்தான். அந்த நாளையே அட்சய திருதியை என்று இன்றும் கொண்டாடுகிறோம்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு அதே தோப்புக்குப் போனேன். குத்தகைக்கு அன்று, மன்னிப்புக் கேட்க. முதியவர் என்னை உட்காரச் சொல்லி, மரத்தடியில் தாமாக விழுந்து கிடந்த சப்பட்டைகளில் அடிபடாத நான்கைப் பொறுக்கி, துண்டில் வைத்துக் கொடுத்தார். "அம்மாவுக்குக் கொண்டு போங்க சேட்டு" என்றார். பறித்தவை அல்ல, உதிர்ந்தவை. கதையில் வரும் ஆறாமவனை அன்று நான் நேரில் கண்டேன். என் தாயார் அவற்றை உண்டார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டைகளில் ஒன்றை மட்டும் கழுவி, கொல்லையில் ஊன்றினார். அந்த மரம் இன்றும் எங்கள் வீட்டில் நிற்கிறது. அதில் காய் முற்றுவதற்கு முன் யாரும் கை வைப்பதில்லை.

 ஜினர் அருளிய நெறிக்கு மாறாக அறிந்தோ அறியாமலோ ஏதேனும் சொல்லியிருப்பின், மிச்சாமி துக்கடம்.

ஜெய் ஜினேந்திரா.